பகுப்பாய்வு மாதிரியிலிருந்து கட்டமைப்பு: சங்கத்தின் நிலைப்பாடு

மாதிரிவழி மென்பொருள் உருவாக்கத்தில், என்ன வேலை நடக்க வேண்டும் என்பதைப் பகுப்பாய்வு மாதிரி சொல்கிறது. எந்தக் கூறு, எந்த சர்வரில், எதனோடு பேசி அதைச் செய்யும் என்பது கட்டமைப்பு. முன்னதை வைத்துப் பின்னதை முழுக்க முழுக்கக் கருவியே வருவித்துவிடும் என்ற கருத்தைச் சங்கம் ஏற்கவில்லை.

தளம் சாராத மாதிரியை விதிகளின்படி தளம் சார்ந்ததாக மாற்றும் எம்.டி.ஏ. (மாடல் டிரிவன் ஆர்க்கிடெக்சர்) அணுகுமுறையை ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் 2001இல் முன்வைத்தது. அதன் பயன் மெய்யானது. ஐவர் ஜேக்கப்சன் 1992இல் விளக்கியபடி பொருள்களை இடைமுகம், கட்டுப்பாடு, தரவு என்று பிரித்துவிட்டால், எது எந்த அடுக்குக்குப் போகும் என்பதைக் கருவி சலிப்பில்லாமல் செய்து முடிக்கும். அதைக் கையால் செய்வது வீண் உழைப்பு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ரயில் முன்பதிவின் பகுப்பாய்வு மாதிரியில் பயணி, இருக்கை, ஒதுக்கீடு எல்லாம் இருக்கும், ஏ.சி. வகுப்புத் தட்கல் காலை 10 மணிக்குத் திறக்கும் என்ற விதிகூட இருக்கும். அந்த நிமிடத்தில் எத்தனை பேர் முண்டியடிப்பார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. கட்டமைப்பைத் தீர்மானிப்பதோ அதுதான். கோரிக்கைகளை வரிசையில் நிறுத்துவதா? இருக்கைத் தரவைப் பல சர்வர்களுக்குப் பிரிப்பதா? பிரித்தால், ஒரே இருக்கை இருவருக்குப் போகாமல் எங்கே தடுப்பது? கருவியின் மாற்ற விதி இவற்றில் எதையும் கேட்பதில்லை. 'இருக்கை' வகுப்புக்கு ஒரு டேபிளைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வரும் படம் பிழையற்றது, ஆனால் பத்து மணிக்குத் தாங்காது.

ஆகவே சுமை, பதில் நேரம், பாதுகாப்பு போன்ற தரத் தேவைகளை எண்ணளவோடு எழுதி, பகுப்பாய்வு மாதிரியோடு சேர்த்தே மாற்றத்துக்கு உள்ளீடாகத் தர வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. "விரைவாக இயங்க வேண்டும்" என்ற வரி எழுதாததற்குச் சமம். ஒரே மாதிரிக்குப் பல கட்டமைப்புகள் பொருந்தும் என்பதால், கட்டமைப்பாளர் எதைத் தேர்ந்தார், எதை ஏன் தள்ளினார் என்பதும் பதிவாக வேண்டும். ஒவ்வொரு கூறும் எந்தப் பகுப்பாய்வுப் பொருளிலிருந்து அல்லது எந்த முடிவிலிருந்து வந்தது என்ற தொடர்பைக் கருவி காட்ட வேண்டும்.

மாதிரியிலிருந்து கருவி உருவாக்கிய நிரலில் நேரடியாகக் கைவைப்பதைச் சங்கம் எதிர்க்கிறது. அடுத்த முறை கருவியை ஓட்டினால் அந்தத் திருத்தம் அழியும். அந்தப் பயத்தில் பிறகு யாரும் ஓட்டுவதில்லை, மாதிரி சுவரில் தொங்கும் பழைய காலண்டராகிவிடும். திருத்தம் விதியிலோ மாதிரியிலோதான் நடக்க வேண்டும்.

ஒரு அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் பதிவேட்டு மென்பொருளுக்கு இவ்வளவும் தேவையில்லை. தனிப்பட்ட தரத் தேவை ஏதுமில்லை என்று எழுத்தில் இருந்தால், அங்கே நேர்வழி மாற்றமே போதும்.