கொறங்காட்டைத் தரிசு என்பவருக்கு

ஒன்றுக்கும் உதவாத தரிசில் திரியும் கானமயிலுக்காகச் சூரிய மின்சாரத்தை முடக்கலாமா என்று கொமரலிங்கத்திலிருந்து ஒருவர் கொதித்து எழுதியிருக்கிறார். அமராவதித் தண்ணீர் வாய்க்காலில் ஓட, நெல் விளையும் மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்கு நீர் பாயாத நிலமெல்லாம் தரிசாகத்தான் தெரியும். தாராபுரம், மூலனூர் பக்கம் நாலு எட்டு நடந்திருந்தால், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காட்டைக் கண்டிருப்பார். காங்கயம் மாட்டை வளர்த்தெடுத்த அந்த மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று அங்குள்ள பண்ணாடியிடம் சொல்லிப் பார்க்கட்டும்!

அரசின் தரிசு நில வரைபடமே புதர்நிலத்தைத் தரிசில் சேர்க்கிறதே என்கிறார். சேர்க்கிறதுதான். ஆனால் ஒரு பிழையையே அந்தப் பிழைக்குச் சாட்சியாக நிறுத்துவது என்ன தர்க்கம்? தரிசு என்று முத்திரை விழுந்தால் நிலம் மலிவாகக் கைமாறும் என்பது இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு. பஞ்சாப் முதல் தமிழகம் வரை பரவியிருந்த பறவை இன்று ஏறத்தாழ 150 ஆகக் குறுகி, பெரும்பாலும் தார்ப் பாலையில் ஒடுங்கியதில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

வேட்டைக்காரன் அழித்ததற்குச் சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் மின்கம்பி மேல் பழியா என்று அடுத்துக் கேட்கிறார். வேட்டை அழித்தது உண்மை. ஆனால் மிஞ்சியவற்றைக் கொல்வது எது? கண்கள் பக்கவாட்டில் அமைந்ததால் நேர் எதிரே பார்வை குறுகிய, பதினைந்து கிலோ வரை கனக்கும் கானமயில் கம்பியைக் கண்டபிறகு சட்டென்று விலக முடியாது. தார்ப் பகுதியில் மட்டும் ஆண்டுக்கு 18 கானமயில்கள் இப்படிச் சாகலாம் என்று இந்திய வனவுயிர் நிறுவனம் கணித்தது. பெட்டை இடுவதோ வழக்கமாக ஆண்டுக்கு ஒரே முட்டை, அதுவும் வெறுந்தரையில். இந்தக் கூட்டல் கழித்தல்கூடத் தெரியாமலா பேனாவைத் தூக்கினார்?

கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன 2021ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் தளர்த்தியதைத் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறார். அதே தீர்ப்பு, பறவையையும் காத்து மின்சாரத்தையும் கொண்டுபோகும் வழிகாண நிபுணர் குழு அமைத்ததை ஏன் விழுங்கினார்?

செலவு தாங்காது என்பது அவருடைய கடைசி ஆயுதம். நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோதும் திருப்பூர் இதைத்தான் சொன்னது. சொட்டுச் சாயக்கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியோடு பட்டறைகள் மீண்டும் ஓடின. பனியன் ஏற்றுமதியும் நின்றுவிடவில்லை. சுத்திகரிப்புச் செலவைத் தொழிற்கணக்கில் எழுதப் பழகிய திருப்பூர் மாவட்டத்துக்காரர், கம்பியைப் புதைக்கும் செலவை மட்டும் பறவையின் உயிரில் கழிக்கச் சொல்வது எந்த நியாயத்தில்?