பரணில் தூங்கும் மடிக்கணினி

“அக்கா, என் மூத்த மகள் ப்ளஸ் டூ படிக்கிறப்போ அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்குது. ஆன் பண்ணினா விண்டோஸ் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது. சின்னவன் லினக்ஸ் போடலாம்னு பென் டிரைவைச் சொருகினான். மெஷின் அதைக் கண்டுக்கவே இல்லை. கடையிலே கேட்டா, ‘எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க’ங்கிறாங்க. காலமான அவங்க அப்பா படமெல்லாம் அதிலேதான் இருக்கு. என்ன செய்ய?” – கூமாப்பட்டி வாசகி ஒருவர்.

எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், சகோதரி! விண்டோஸ் திறக்கவில்லை என்பதால் படங்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. பூட்டு கெட்டுப்போனால் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையுமா கெட்டுவிடும்?

இது உங்கள் ஒருவர் வீட்டுக் கதை அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல லட்சம் பிள்ளைகள் கணினி பெற்றார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. ஆகவே முதல் வேலை: கணினியை ஆன் செய்ததும் திரையில் இரண்டு பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் ‘பாஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துகொண்டால் படங்களை அப்போதே வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடலாம்.

லினக்ஸ் என்றதும் ஏதோ புரியாத விஷயம் என்று மிரள வேண்டாம். 1991-ல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடிப்படையும் அதுதான். காசு கிடையாது. உங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.

சரி, பென் டிரைவை ஏன் கண்டுகொள்ளவில்லை? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: லினக்ஸ் கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே நகல் செய்திருப்பான் தம்பி. மாவைப் பாத்திரத்தோடு கல்மேல் வைத்தால் தோசை ஆகுமா? ஊற்றித் தேய்க்க வேண்டும். நன்றாக ஓடும் வேறொரு கணினியில் ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துபோகும், காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: பிளவக்கல் அணையில் நீர் நிறைந்திருந்தாலும் மடையைத் திறந்தால்தானே வயலுக்கு வரும்? கணினியும் அப்படித்தான். முதலில் எந்த மடையைத் திறப்பது என்று அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. வழக்கமாக ஹார்ட் டிஸ்க்தான் முதலில் இருக்கும். ஆன் செய்தவுடன் லெனோவாவாக இருந்தால் எஃப் 12, எச்.பி.யாக இருந்தால் எஸ்கேப் அல்லது எஃப் 9 சாவியை விட்டுவிட்டுத் தட்டுங்கள். ஏசரில் எஃப் 2 தட்டி உள்ளே போய், எஃப் 12 பட்டியலுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். சில பழைய கணினிகளில் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் என்ற தலைப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதையும் விரித்துப் பாருங்கள்.

மூன்று: விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தைய கணினி என்றால் ‘செக்யூர் பூட்’ என்ற காவல்காரன் தடுக்கலாம். கணினியின் அமைப்புப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

நான்கு: எதற்கும் மசியவில்லையா? டிவிடி ஓட்டி வேலை செய்தால் லினக்ஸை டிவிடியில் எழுதிப் போடலாம். அதுவும் பழுது என்றால், விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, யு.எஸ்.பி. கேபிள் மூலம் வேறு கணினியில் மாட்டிப் படங்களை எடுத்துவிடலாம். லினக்ஸையும் அங்கேயே பதிந்து, திரும்பப் பழைய இடத்தில் பொருத்தலாம். பதியும்போது சரியான டிஸ்க்தானா என்று இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரவல் கொடுத்தவர் கணினி காலியாகிவிடும்!

எந்த லினக்ஸ்? நினைவகம் 4 ஜிபி இருந்தால் ‘மின்ட் எக்ஸ்எஃப்சிஇ’. 2 ஜிபி என்றால் ‘லுபுண்டு’. அதற்கும் குறைவு, அல்லது 32 பிட் இயந்திரம் என்றால் ‘ஆன்டிஎக்ஸ்’.

லினக்ஸ் திரை வந்ததும் அவசரப்பட்டு ‘இன்ஸ்டால்’ என்பதை அழுத்தாதீர்கள். பதியாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க வசதி உண்டு. அப்போது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அது தானாக அழிக்காது. உள்ளே போய்ப் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், திறந்தும் பாருங்கள். வைஃபை, ஒலி, கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையம் கொடுக்கலாம்.

பிறகு சார்ஜரைச் செருகி, மின்சாரம் நிற்காத நேரமாகப் பார்த்துப் பதியுங்கள். ‘டிஸ்க் முழுவதும் அழிக்கவா?’ என்று கேட்கும். அதற்கு ‘ஆம்’ சொன்னால் போனது போனதுதான். நகல் கைக்கு வந்த பிறகே சொல்லுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைக் கணக்கு எழுதும் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் இதில் நேராக ஓடாது. கட்டுரை எழுத, கணக்குப் போட ‘லிப்ரே ஆஃபிஸ்’, தமிழ் அடிக்க ‘தமிழ் 99’ விசைப்பலகை, பாடம் பார்க்க, விண்ணப்பம் அனுப்ப இணைய உலாவி எல்லாம் கிடைக்கும். படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம். சாதாரண விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினியில் திரும்ப அதையே போட்டு ஓட்டுவதைவிட இது பத்திரமும்கூட.

இன்னும் வேகம் வேண்டுமென்றால், கையில் காசு சேர்ந்தபோது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளலாம். கழற்றிய பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். படங்களுக்கு அது இன்னொரு காப்பு.