பட்டியலில் காணாமல்போன பெரியவர்கள்

“இன்ஷூரன்ஸ் கம்பெனியில வேலையா? பாலிசி எதுவும் போடணுமா?”

சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. நான் பாலிசி பிடிப்பவன் இல்லை. டேட்டா இன்ஜினீயர். எளிதாகச் சொன்னால், தகவல்களுக்குக் குழாய் போடும் பிளம்பர்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எல்லாத் தகவலும் ஓரிடத்தில் இருக்காது. பழைய பாலிசிகள் ஒரு கணினியில் இருக்கும், புதியவை இன்னொன்றில் இருக்கும். பிரீமியம் கட்டிய விவரம் வங்கியிலிருந்தும், சிகிச்சை பில் மருத்துவமனையிலிருந்தும் வரும். இவை அத்தனையையும் ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்த்து, சுத்தம் செய்து, காலையில் அலுவலகம் திறக்கும்போது தயாராக வைப்பதுதான் என் வேலை.

இதில் பெரிய தலைவலி நம் ஊர்ப் பெயர்கள்தான். பாலிசியில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் சண்முகம்’, வங்கியில் ‘முருகன் எஸ்’. மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். சரி, செல்போன் எண்ணை வைத்துச் சேர்க்கலாம் என்றால், அப்பா, அம்மா, சித்தப்பா மூவருக்கும் மகனின் எண்ணே இருக்கும். கொஞ்சம் அசந்தால் மூன்று பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது.

பழைய படிவங்கள் பலவற்றில் பிறந்த தேதி இருக்காது. அந்தக் காலியிடத்தில் எப்போதோ யாரோ 1-1-1900 என்று நிரப்பி வைத்திருந்தார்கள். அது தெரியாமல், ‘வயது 100-ஐத் தாண்டினால் தவறான பதிவு, ஒதுக்கிவிடு’ என்று ஒரே ஒரு வரி எழுதினேன். எந்தப் பிழையும் காட்டாமல் வேலை ஓடியது. முதிர்வுத் தொகைக்கான கடிதம் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலும் வந்தது.

கிளெய்ம் பிரிவில் இருந்த சீனியர் அக்கா ஒருவர் அதைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, இதுல கிராமத்துப் பெரியவங்க யாருமே இல்லையே?”

தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிறந்த தேதி சொல்லத் தெரியாத அத்தனை பேரையும் என் ஒற்றை வரி வெளியே தள்ளியிருந்தது. பணம் அவர்களுடையது, ஆனால், அது காத்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து, எத்தனை பதிவுகள் சேர்ந்தன என்பதைவிட, எத்தனை விடுபட்டன, ஏன் விடுபட்டன என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்படிக் கேட்பாரின்றிக் கிடக்கும் தொகை என்ன ஆகும்? 10 ஆண்டுகள் தாண்டினால், மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அதன்பிறகும் 25 ஆண்டுகள் வரை உரியவர்கள் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் உரிமை கோரப்படாத தொகையைத் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. வீட்டில் பழைய பாலிசி பத்திரம் ஏதாவது இருந்தால், இன்றே தேடிப் பாருங்கள்.

நடப்பில் உள்ள பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா? செல்போன் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? வங்கிக் கணக்கு மாறிவிட்டதா? நாமினி யார்?

ஊருக்கு உபதேசம் சொல்லும் நானும் போன மாதம்தான் அப்பாவின் பாலிசியைப் பிரித்துப் பார்த்தேன். நாமினி என்ற இடத்தில் என் பாட்டியின் பெயர் இருந்தது. பாட்டி இறந்து 12 வருடங்கள் ஆகின்றன. மறுநாள் காலை அப்பாவை அழைத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய், அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.