பதினெட்டு வயதுப் பிரதிநிதி

வாலிபர் என்றால் பழமையை வெறுப்பவர் என்று நம்மில் பலர் தீர்மானித்து விட்டோம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில் 2014-ல் நடந்த தேர்தல் அந்தத் தீர்மானத்தைச் சற்று அசைத்தது.

குமாரி ஸைரா பிளேர் என்னும் கல்லூரி மாணவி அவ்வாண்டு நவம்பரில், தமது 18-ஆவது வயதில், குடியரசுக் கட்சியின் சார்பில் ராஜ்யச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே மாதத்தில், கட்சியின் அபேட்சகர் யார் என்ற போட்டியில், பதவியிலிருந்த அங்கத்தினரையே அவர் தோற்கடித்தபோது வயது 17 தான்! தகப்பனார் கிரேக் பிளேர் அப்போது அதே ராஜ்யத்தின் செனட் சபையில் அங்கத்தினராக இருந்தார். ஆகவே, அரசியல் அவருக்கு வீட்டுப் பாடம்.

வரி குறைய வேண்டும். பிழைப்புத் தேடி வாலிபர் ராஜ்யத்தை விட்டு வெளியேறுவது நிற்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்குப் பங்கம் கூடாது. கருவிலுள்ள சிசுவின் உயிரைச் சட்டம் காக்க வேண்டும். இவையே அவருடைய கொள்கைகள். சபை கூடும் 60 நாட்களுக்காகக் கல்லூரிப் படிப்பையும் ஒத்தி வைத்தார். 2016-ல் மறுபடி ஜயித்தார். 2018-ல் போட்டியிடாமல் விலகிக் கொண்டார்.

இக்கொள்கைகளை நேயர்கள் ஒப்பலாம், மறுக்கலாம். நாம் கேட்பது வேறு: ஒருவருடைய அபிப்பிராயம் பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா? வாலிபரிடம் வயதை விசாரிக்கு முன் இதை விசாரிப்பது நலம். நரைத்த தலைகளிடமும் இதே கேள்வியைக் கேட்டால் தவறில்லை.