பார்த்ததற்கும் காசு உண்டு

டாஷ்போர்டில் மஞ்சளாக அந்த என்ஜின் விளக்கு எரிந்தால், நம்மில் பலர் கொஞ்ச நாள் கண்டுகொள்வதில்லை. வண்டிதான் ஓடுகிறதே! மைலேஜ் குறைந்து, பிக்கப் மந்தமாகி, சைலன்சரிலிருந்து பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும்போதுதான் ஒர்க்‌ஷாப் ஞாபகம் வருகிறது. அங்கே ஸ்கேனரைச் சொருகுவார்கள், திரையில் ஒரு எண் வரும். “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” சில ஆயிரம் ரூபாய் கை மாறும். கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடியும் எரியும்.

இந்த விஷயத்தில் மெக்கானிக்கை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழியில் பாதி காசு கொடுக்கிற நமக்கும் சேர வேண்டியது.

ஆக்சிஜன் சென்சார் பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும், புகைக்குழாயில் திருகியிருப்பார்கள். உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தருகிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட்டை நெருங்கும், குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும், 0.45 நடுக்கோடு. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976இல் வோல்வோ கார்களில் முதலில் வந்தது. கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுதான் அதற்குக் காரணம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கு பிசகக் கூடாது. சென்சார் சொல்வதைக் கேட்டு, என்ஜினின் கணினியான இசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். அதனால் ஆரோக்கியமான சென்சாரின் வோல்ட் ஓரிடத்தில் நிற்காது. ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் ஒன்றுதான், பெட்ரோல் தெரியாது. எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் போன பெட்ரோலும் காற்றும் எரியாமலே வெளியே வரும். நம் மூக்குக்குப் பெட்ரோல் வாடை. சென்சாருக்கோ ஆக்சிஜன் மிச்சமிருப்பது மட்டும் தெரிகிறது. “பெட்ரோல் போதவில்லை” என்று அது சொல்ல, இசியூ இன்னும் ஊற்றுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் சின்ன லீக் இருந்து வெளிக்காற்று உள்ளே நுழைந்தாலும் இதே கதைதான். பி0171 என்ற கோடு வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவாகத் தெரிகிறது என்று மட்டுமே பொருள். விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸோ, தளர்ந்த பெட்ரோல் பம்போ, அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சாரோ காரணமாக இருக்கலாம். விசாரிக்காமல் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுவது, பார்த்ததைச் சொன்ன சாட்சியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போலத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன், ஸ்கேனரை எடுக்கும் முன் பானட்டைத் திறந்து சத்தம் கேட்பார். ஒருமுறை பி0135 வந்தது. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடேற்றத்தான் ஹீட்டர். அவர் ஃப்யூஸைப் பார்த்தார். கனெக்டரைக் கழற்றி, சென்சாரிலிருந்து வரும் ஒரே நிற ஒயர்கள் இரண்டில் மல்டிமீட்டரை வைத்தார். சில ஓம் காட்டியது. ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் 12 வோல்ட் வருகிறதா என்றால், வரவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் சிரித்தார். “சென்சார் நல்லாத்தான் இருக்கு சார். எலி வேலையக் காட்டியிருக்கு.”

சந்தேகம் சென்சார் மேலேயே இருந்தால், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, திரையில் வோல்ட் ஏறி இறங்குவதைப் பார்ப்பார். காற்று உள்ளே போகும் வழியில் கொஞ்சம் எரிவாயு விட்டால் வோல்ட் சட்டென்று 0.8க்கு மேல் ஏற வேண்டும். ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் சட்டென்று இறங்க வேண்டும். இரண்டுக்கும் உடனே பதில் வந்தால் சென்சார் மேல் பிழையில்லை, அது சொல்லும் புகார் உண்மை. சோம்பி அசைந்தாலோ, ஒரே இடத்தில் படுத்துக்கிடந்தாலோதான் மாற்ற வேண்டும். (பழகாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கும் காரியமல்ல இது. புது வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது வேறு வகைச் சென்சார். அதற்கு இந்த 0.45 கணக்கு பொருந்தாது.) கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் இதற்கு நேர்மாறு. அது அசையாமல் நின்றால் நல்லது. முன்னால் இருப்பதைப் போலவே ஆடினால் போனது கன்வெர்ட்டர்.

கழற்றிய சென்சாரையும் அவர் தூக்கி எறிய மாட்டார். நுனியில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. வெள்ளையாகப் பூத்திருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அல்லது யாரோ பொருந்தாத சிலிகோன் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் புதிதாகப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

எலி கடித்த அன்று ஸ்பேர் எதுவும் வாங்கவில்லை. கொஞ்சம் ஒயர், கொஞ்சம் டேப், அரை மணி நேர மூளை. இப்படிப்பட்ட பில்லைக் கையில் வாங்கியதும் நம் வாயில் வருவது என்ன? “ஒயர் ஒட்டினதுக்கா இவ்ளோ?” ஸ்பேர் விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம், லேபரில்தான் நம் சாமர்த்தியத்தைக் காட்டுகிறோம். அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தவருக்கு நூறு ரூபாய்க்கும் முகச்சுளிப்பு. கண்ணை மூடிக்கொண்டு சென்சாரை மாற்றியவருக்கு முழுப் பணம். எது லாபம் என்று தொழில் செய்பவருக்குத் தெரியாதா? கற்றுக்கொடுத்தது நாம்தான்.

அடுத்த முறை யாராவது சென்சார் மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கோடு வந்தது? ஓடும்போது வோல்ட் எப்படி ஏறி இறங்குகிறது, காட்ட முடியுமா? லீக், ஒயர், மிஸ்ஸிங் மூன்றும் பார்த்தாயிற்றா? பொறுமையாகப் பதில் சொல்பவர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் பில்லில் ‘செக்கிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், அதை அடிக்கவும் சொல்லாதீர்கள்.