கடல் துப்புரவும் கம்பெனிகளின் கைங்கரியமும்

கடலில் பிளாஸ்டிக் குப்பை பெருகிவிட்டதென்றும், அதை ஒழிக்க அந்தப் பிளாஸ்டிக்கைச் செய்து விற்கும் முதலாளிகளே முன்வந்து கோடிக்கணக்கில் செலவிடுகிறார்களென்றும் உலகமெங்கும் விளம்பரம் செய்யப்பட்டு வருகிறது. நல்ல காரியத்தை யார் செய்தாலும் நாம் வரவேற்கக் கடமைப்பட்டவர்களே. ஆனால் ஒருவன் தர்மம் செய்கிறான் என்றால், எவ்வளவு கொடுத்தான் என்பதோடு, அந்தப் பணம் எப்படி வந்தது, கொடுத்த பிறகாவது தன் தொழிலை மாற்றிக் கொண்டானா என்பதையும் கேட்பதுதானே பகுத்தறிவுள்ளவர் வேலை?

2019-ஆம் வருஷம் ஜனவரியில் எக்ஸான்மொபில், டௌ, ஷெல் முதலிய எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளும், சோப்பு வியாபாரத்தில் பேர்போன பிராக்டர் அண்டு கேம்பிளும், இன்னும் பலரும் கூடி, பிளாஸ்டிக் குப்பையை ஒழிக்கும் கூட்டணி என்று ஒரு சங்கம் கண்டார்கள். ஐந்து வருஷத்தில் 150 கோடி டாலர் செலவிடுவது நோக்கம் என்றார்கள். வாருவது, உருக்குவது, மறுபடியும் உபயோகிப்பது எல்லாம் திட்டத்தில் இருந்தன. செய்வதைக் குறைப்பது என்ற ஒன்று மாத்திரம் இல்லை!

அவர்கள் பிரமாதப்படுத்திய காரியங்களில் ஒன்று நம் நாட்டிலேயே காசியில் நடந்தது. கங்கையில் மிதக்கும் பிளாஸ்டிக் கடலுக்குப் போகாமல் தடுத்து வாரி எடுப்பதென்று துவக்கினார்கள். (முழுகினால் பாவம் போகுமென்று சொல்லிப் பிழைப்போர் நிறைந்த ஊரையே கம்பெனிகளும் தேடிப் பிடித்தது மிகப் பொருத்தம்.) இரண்டு வருஷம் கூட நிலைக்கவில்லை. அது மூடப்பட்ட செய்தியை 2021 ஜனவரியில் ராய்ட்டர் வெளியிட்டது. தொற்று நோயும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதே நோய்க் காலத்தில் பிளாஸ்டிக் ஆலைகள் மூடப்பட்டுப் போகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மொத்தக் கணக்குக்கு வருவோம். அந்தக் கூட்டணியிலுள்ள ஐந்து பெரிய கம்பெனிகள் மாத்திரம் ஐந்து வருஷத்தில் செய்த பிளாஸ்டிக் 13 கோடியே 20 லட்சம் டன் என்றும், கூட்டணி முழுவதும் சேர்ந்து அதே காலத்தில் வாரியெடுத்தது 1,18,500 டன் என்றும் கிரீன்பீஸ் இயக்கத்தார் 2024-இல் கணக்கு வெளியிட்டார்கள். அதாவது ஆயிரத்து நூறு மூட்டை செய்தவன் ஒரு மூட்டையை வாரினான். செய்ததெல்லாம் கடலுக்குப் போய்விடுகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. குழாயாகவும் சாமானாகவும் பல வருஷம் உழைப்பதும் உண்டு. ஆனால் 2019-இல் உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 46 கோடி டன் என்பதும், குப்பையானதில் மறுபடியும் உபயோகத்துக்கு வந்தது நூற்றுக்கு ஒன்பது பங்குதான் என்பதும் இரகசியமல்ல. குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிறவனை நம் வீட்டுக் குழந்தை கூடப் புத்திசாலி என்று சொல்லாது.

இந்த வித்தை புதிதுமல்ல. 1953-இல் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தார், திருப்பி வாங்கி நிரப்ப முடியாத பாட்டிலில் பீர் விற்கக் கூடாதென்று சட்டம் செய்தார்கள். அதே வருஷத்திலேயே டப்பா, பாட்டில் முதலாளிகள் சேர்ந்து “அமெரிக்காவை அழகாக வைப்போம்” என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். சட்டம் நாலு வருஷத்தில் காலாவதியாயிற்று, சங்கம் வளர்ந்தது. 1971-இல் அச்சங்கம் காட்டிய விளம்பரப் படத்தில், செவ்விந்தியர் ஒருவர் குப்பையைக் கண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவார். அசுத்தத்தை உண்டாக்குவது ஜனங்களே, நிறுத்த வேண்டியதும் ஜனங்களே என்பது அதன் உபதேசம். ஊரெல்லாம் உருகிற்று. செவ்விந்தியராக நடித்தவரோ இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை! வேஷம் பொய்யாயிருந்தது போகட்டும். பழியை எங்கே தள்ளினார்கள் பார்த்தீர்களா? பாட்டிலைச் செய்தவன் பேர் படத்தில் இல்லை. எறிந்தவன்தான் பாவி. ஏழை துன்பப்பட்டால் அவன் கர்மம் என்று சொல்லிப் பணக்காரனை விட்டுவிடுகிற சாஸ்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊரிலும் கோலி சோடாவைக் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள்தானே நாம்? எண்ணெயைத் தூக்கில் வாங்கினோம். கைப்பிடி ஷாம்புவைக் கிழித்தெறியும் பொட்டலத்தில் விற்கலாமென்று நாமா கூட்டம் போட்டு முடிவு செய்தோம்?

தாங்களாகவே திருந்துவோம் என்ற சபதங்களின் யோக்கியதைக்கு இன்னொரு உதாரணம். பிளாஸ்டிக் சாமான்களுக்கெல்லாம் மூலப்பொருள் பயறு அளவுள்ள மணிகள். இவற்றைச் சிந்தாமல் கையாளுவோமென்று 1991-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் முதலாளிகள் ஒரு விரதம் எடுத்தார்கள். மற்ற நாட்டாரும் பின்னால் சேர்ந்தார்கள். மீறினால் தண்டனை கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் பார்த்துவிட்டு 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. அதே 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் முழுகி, இந்த மணிகள் குமரி மாவட்டக் கரை வரையில் ஒதுங்கின. கப்பல் விபத்தை எந்தக் கம்பெனியின் தலையிலும் நாம் கட்டவில்லை. ஆனால் சல்லடை வைத்து மணலைச் சலித்தவர்கள் யார்? துப்புரவுத் தொழிலாளரும், தொண்டர்களும், கரையோரத்து ஜனங்களும்தான். வலையில் மீனுக்குப் பதில் குப்பை வந்தால் அன்றைய கூலி போவதும் இவர்களுக்குத்தான்.

ஆகவே, வாருவது வேண்டாமென்பது நம் கட்சியல்ல. வாருகிற செலவை, செய்கிறவன் பிச்சையாகப் போடாமல், டன்னுக்கு இவ்வளவு என்று சட்டப்படி வரியாகக் கட்ட வேண்டும். செய்வதற்கும் ஒரு வரம்பு வேண்டும். இதைத்தான் நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் 2024-இல் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் கூடிய ஐக்கிய நாடுகளின் மகாநாடுகளில் கேட்டன. எண்ணெய் விற்கும் தேசங்கள் மறுத்தன. ஜெனிவாவில் எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளின் ஆட்கள் மாத்திரம் 234 பேர் என்று எண்ணப்பட்டது. இரண்டும் உடன்படிக்கையில்லாமல் கலைந்தன. பூசானில் இந்திய சர்க்கார் பிரதிநிதிகளும் உற்பத்திக்கு வரம்பு கூடாதென்ற பக்கமே நின்றார்கள். யாரைக் கேட்டுக்கொண்டு அப்படி நின்றார்கள் என்று தங்கள் பார்லிமெண்டு அங்கத்தினரை ஒவ்வொரு ஊராரும் கேட்க வேண்டும். கடற்கரை ஜில்லாக்காரர்கள் முதலில் கேட்க வேண்டும்.