வில்லனைத் தேடாதீர்கள்

தம்பி, தங்கச்சிமாரே, பிபிசியின் ‘த சிக்ஸ்த் கமாண்ட்மென்ட்’ தொடரைப் பார்த்துவிட்டு அழுகிறீர்கள். அழ வேண்டிய உண்மைக் கதைதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் பீட்டர் ஃபார்குவரிடம் அன்பாக நடித்து, உயிலை மாற்ற வைத்து, 2015இல் அவரைக் கொன்றான் பென் ஃபீல்ட். அவனைத் திட்டுவது சுகம். நாங்கள் அவன் இல்லையே!

ஆனால் இங்கே, எங்கள் மொன்றியல் தீவில், டொர்வாலில் ஹெரோன் முதியோர் இல்லம் இருந்தது. 2020 வசந்தத்தில், கொரோனாவுக்குப் பயந்து ஊழியர்கள் வராமல்விட, முதியவர்கள் பலர் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல், மாற்றாத டயப்பரோடு கிடந்தார்கள். 31 பேர் இறந்துவிட்டதாக ஏப்ரல் 11 அன்று முதல்வர் லெகோ அறிவித்தார். அங்கே ஃபீல்ட் மாதிரி ஒருவனைக் கைகாட்ட முடியாது. (ஐ.டி.யிலும் இதே வியாதிதான். சிஸ்டம் விழுந்தால் முதலில் ஒரு தலையைத் தேடுவோம்.)

செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் முதியோர் துன்புறுத்தல்தான் என்கிறது கியூபெக்கின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். அம்மம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவ எதில் கையெழுத்து வைக்கிறா, அவவின் பென்சன் காசு யார் கைக்குப் போகுது என்று கேட்டிருக்கிறீர்களா? “பெரியாக்களின்ர விஷயம், நீ பேசாமல் இரு” என்பார்கள். இருக்காதீர்கள். அடுத்த எபிசோட்டைப் போட முதல், அந்த வங்கிக் கடிதத்தை எடுத்து அவவுக்குத் தமிழில் சொல்லுங்கள்.